சொத்தை பதிவாகாத பிரிவு

எங்கள் பல் காப்புப் பிரிவில் பத்து வருஷமாக ஒரு சொத்தைப் பல்கூடப் பதிவானதில்லை. வாசலில் மாட்டியிருக்கும் கேடயங்கள் அத்தனையும் அதற்காகக் கிடைத்தவை. கமலேஸ்வர் புகன் நினைவுப் புற்றுநோய் நிலையத்தின் தரைத்தளத்தில், ரத்தம் எடுக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிறது பிரிவு. கழிப்பறையைத் தேடி வருகிறவர்கள்தான் கேடயங்களை அதிகமாகப் பார்க்கிறார்கள்.

நான் அங்கே அச்சு வார்க்கிறவன். பெயர் ஹலோய். நோயாளியின் வாயில் மாவை அழுத்திப் பல்வரிசையின் பதிவை எடுப்பேன். அதில் சுண்ணத்தைக் குழைத்து ஊற்றினால் பல்வரிசை அப்படியே வெள்ளையாக வந்துவிடும். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக்கில் ஓர் உறை செய்வேன். அந்த உறையில் ஃபுளோரைடு களிம்பைத் தடவி, தினமும் பத்து நிமிடம் பல்லில் மாட்டிக்கொள்ள வேண்டும். பல்லைக் காக்க அதுதான் வழி என்று நான் படித்த புத்தகத்தில் இருந்தது.

உபென் பட்கிரி எங்களிடம் வந்தது நவம்பர் மாதத்தில். பர்பேட்டாவிலிருந்து குவாஹாட்டிக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டர். வயது ஐம்பத்தொன்று. ஊரில் எல்லாரையும் போல அவரும் பாக்கு மெல்லுகிறவர். பச்சைப் பாக்கைப் பல்லாலேயே உடைப்பார் என்று அவர் மனைவி பினிதா சொன்னபோது, பெருமையாகச் சொல்வதா வேண்டாமா என்று பாதியில் குழம்பிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உபெனுக்கு நாக்கின் இடப்பக்கத்து அடியில் கட்டி.

கதிர்வீச்சு மருத்துவர் டாக்டர் மேதி சின்ன வயதுப் பெண். வளைத்துப் பேசத் தெரியாதவர். வயதில் மூத்தவர்களை எங்கள் ஊர் வழக்கப்படி தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்.

"தாதா, மொத்தம் முப்பத்து மூணு தடவ கதிர்வீச்சு. கட்டி போயிரும், எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா எச்சில் வத்திப்போகும். எச்சில் இல்லாத வாயில பல்லு சீக்கிரமா சொத்தையாகும், பச்சத்தண்ணி பட்டாலே கூசும். அதவிட ஒண்ணு இருக்கு, நல்லாக் கேட்டுக்கோங்க. கதிர்வீச்சுக்கு அப்புறம் பல்லப் புடுங்கினா தாடை எலும்பு ஆறாது. அதனால கெட்டுப்போன பல்ல இப்பவே எடுத்துரணும். நல்ல பல்லுக்கு உறை செஞ்சு வாங்கிக்கணும். புண்ணு ஆற ரெண்டு வாரம். அப்புறம் ஆரம்பிச்சிரலாம்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஒரே குறை, அவர் எங்கள் பிரிவில் வேலை பார்க்கவில்லை.

உபென் மேதி எழுதிக் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். எங்கள் பிரிவின் எழுத்தர் பர்மன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கடிதத்தைப் படித்தார்.

"கதிர்வீச்சு எந்தத் தேதியில ஆரம்பிக்குதுன்னு இதுல இல்லையே."

"பல்லப் பாத்த பெறகுதான் தேதின்னாங்க சார்."

"தேதி இல்லாத வாயை நாங்க தொடுறதில்ல தாதா. தேதி வாங்கிட்டு வாங்க."

உபென் மேலே போனார். கதிர்வீச்சுப் பிரிவின் ஜன்னலில் இருந்தவர், பல் காப்புப் பிரிவின் தடையின்மைச் சான்று இல்லாமல் தேதி போட முடியாது என்றார். உபென் கீழே வந்தார். இப்படி ஆறு நாள். மூன்றாம் நாளிலிருந்து பினிதாவும் கூடவே ஏறி இறங்கினார். டாக்டர் மேதி இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். எழுதியது அத்தனையும் கோப்பில் சேர்ந்தது. வெளியே ஒரு பல் டாக்டரிடம் போய்ப் பார்த்தார்கள். புற்றுநோய்க்காரரின் வாயை நிலையத்துப் பல் பிரிவின் கடிதம் இல்லாமல் தொட மாட்டேன் என்று அவர் கைகூப்பினார்.

ஆறாம் நாள் உபென் பர்மனிடம் கேட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"சார், நான் இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன். போய்ச் சேந்ததுக்கு ரசீது கொண்டா, அப்பத்தான் பஸ்ஸுல ஏத்துவேன்னு ஒருத்தர்கிட்டகூடச் சொன்னதில்ல."

பர்மனுக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். "ரெண்டும் ஒரே நேரத்துல ஆகக் கூடாதுன்னு எங்கயும் போடல" என்றார்.

அப்படியாக மறுநாள் காலை பினிதா மேல்மாடி ஜன்னலிலும் உபென் எங்கள் ஜன்னலிலும் நின்றுகொண்டார்கள். இருவர் கையிலும் கைப்பேசி. பினிதா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, இரண்டு மாடியிலும் ஒரே நொடியில் முத்திரை விழுந்தது. வரிசையில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். உபென் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். பாக்குக் கறை ஏறிய, இடைவெளியில்லாத மேல்வரிசை.

சிகிச்சைக்கு முன் பயிற்சி வகுப்பு கட்டாயம். மேடைமேல் ஐந்தடி உயர பிரஷ் ஒன்றும், எருமைத் தலை அளவுக்குச் சுண்ணத் தாடை ஒன்றும் உண்டு. அந்தத் தாடையை வார்த்தது நான்தான். பிரிவின் தலைவர் டாக்டர் ஹேமகாந்த சௌத்ரி இரண்டு கையாலும் பிரஷைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழாகத் துலக்கிக் காட்டுவார். எதிரே நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்கு ஒரு விரல் அகலத்துக்குமேல் வாய் திறக்காது. சிலருக்கு மூக்கில் குழாய். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

துலக்கி முடித்ததும் சௌத்ரி உரை ஆற்றுவார்.

"நம்ம பிரிவோட லட்சியம் சொத்தை இல்லாத வாய். பெரிய ஊர்ல எல்லாம் களிம்பு தடவுறாங்க, உறை மாட்டுறாங்க, மாசாமாசம் கூப்பிட்டு உக்கார வச்சுப் பாக்குறாங்க. அப்படியும் சொத்தை வருது. நாங்க யோசிச்சோம். சொத்தை எங்க வருது? பல்லுல வருது. அப்ப வேர் எங்க இருக்கு?" இங்கே கொஞ்சம் நிறுத்துவார். "பத்து வருஷமாச்சு. கதிர்வீச்சு முடிஞ்ச ஒரு வாயிலகூட நாங்க சொத்தையப் பாக்கல. நீங்க வேணும்னா போய்ப் பாருங்க, பாக்க ஒண்ணும் இருக்காது."

பர்மன் கை தட்டுவார். அவருடைய பணிப் பட்டியலில் அதுவும் ஒன்று.

பிறகு நடைகூடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே சிறிய பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, எண்ணிக்கை. மேலே பொன்னெழுத்தில் 'காக்கப்பட்ட பற்கள்' என்று எழுதியிருக்கும்.

"பதினோராயிரத்துச் சொச்சம்" என்றார் சௌத்ரி, குழந்தைகளின் புகைப்படத்தைக் காட்டுகிறவர் மாதிரி. "ஒண்ணுகூடக் கெடல. இதயெல்லாம் வாயிலயே விட்டு வச்சிருந்தா இந்தப் பாதுகாப்புக் கிடைச்சிருக்குமா?"

உபென் பினிதாவைப் பார்த்தார். பினிதா பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபுளோரைடு களிம்பு எங்களிடம் இல்லாமல் இல்லை. தனி அலமாரியில் நாற்பது குழாய் இருக்கிறது. திறப்பு விழாவில் கட்டிய ரிப்பனோடு இருக்கிறது. சாவி வைத்திருந்தவரை சில்சாருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் சாவியோடு போய்விட்டார். உறைக்கும் குறைவில்லை. விதிப்படி, பல் பிடுங்குவதற்கு முன்பே நான் அச்சு எடுத்து உறை செய்துவிடுவேன். பிறகு பல்லைப் பிடுங்குவார்கள். பிறகு கோப்பில் 'உறை வழங்கப்பட்டது' என்று எழுதி உறையைக் கையில் கொடுப்போம். இதை எட்டு வருஷமாகச் செய்துவருகிறேன். ஒருமுறை ஒரு கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எண்ணெய் ஊத்தி விளக்கேத்தலாமா?" என்று கேட்டார். ஏற்றலாம் என்றேன்.

உபெனின் வாயைச் சௌத்ரி தானே சோதித்தார். இருபத்தொன்பது பல். கீழே இடப்பக்கக் கடைவாய்ப்பற்கள் இரண்டும் கெட்டிருந்தன. மற்ற இருபத்தேழும் இரும்பு.

"எல்லாத்தையும் எடுத்துருவோம்" என்றார்.

"ரெண்டுதானே கெட்டிருக்குன்னீங்க சார். மிச்சம் இருபத்தேழும் நல்ல பல்லாச்சே."

"நல்ல பல்லுதான்யா ஆபத்து. கெட்டது ஏற்கெனவே கெட்டுருச்சு, அது எங்க பொறுப்பு இல்ல. நல்லது இனிமேத்தான் கெடணும். கெட்டா யார் கணக்குல வரும்? என் கணக்குல."

உபென் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, "சார், நான் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஊர்ப் பேரக் கத்துறவன். பல்லு இல்லாம சொர்பூக்னு சொன்னா யாருக்குப் புரியும்?" என்றார்.

"கத்துறதுக்குத் தொண்டைதானே வேணும்" என்றார் சௌத்ரி. "அது வேற பிரிவு."

உபென் மறுத்தார். மறுப்பதற்கு எங்களிடம் படிவம் இல்லை. ஆகவே அவர் கோப்பின்மீது சிவப்பு மையில் 'ஒத்துழையாத நோயாளி' என்று முத்திரை விழுந்தது. சான்று இல்லை, சான்று இல்லாததால் கதிர்வீச்சு இல்லை. ஒரே நொடியில் விழுந்த முத்திரைகளில் ஒன்றைப் பர்மன் கோடு போட்டு அடித்தார். அடிக்கும்போது, "மன்னிச்சுக்கோங்க தாதா" என்றார்.

வேறு நிலையத்துக்குப் போகலாம் என்றால் அங்கே மூன்று மாத வரிசை. கட்டிக்கு வரிசையெல்லாம் தெரியாது. பாக்கு அளவில் வந்த கட்டி, டிசம்பர் முடிவதற்குள் கழுத்திலும் ஒரு முடிச்சாகக் கையில் தட்டுப்பட்டது. டாக்டர் மேதி கீழே இறங்கி வந்து சௌத்ரியிடம் கத்தியதை நடைகூடம் முழுக்கக் கேட்டது. "சார், இங்க ஒரு ஆளு சாகப்போறாரு, நீங்க பல்ல எண்ணிக்கிட்டு இருக்கீங்க!"

சௌத்ரி அமைதியாக இருந்தார். அவர் எப்போதும் அமைதியானவர். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. குழுவுக்கு அனுப்பிருவோம். குழு நடுநிலையா இருக்கும்."

குழு ஐந்து பேர். முதல் கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்கள், ஒருவருக்குப் பல்வலி. இரண்டாம் கூட்டத்தில் ஐந்து பேரும் இருந்தார்கள். உபெனின் சுண்ண அச்சுகளைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனவன் நான். அதனால் நடந்ததை நேரில் கேட்டேன்.

எல்லாவற்றையும் எடுப்பது நோயாளிக்கு வருத்தம். ஒன்றையும் எடுக்காதது பிரிவுக்கு வருத்தம். இருதரப்பும் ஏற்கும்படி ஒரு வரிசையை எடுத்துவிட்டு ஒரு வரிசையை விட்டுவிடலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எந்த வரிசை என்பதில்தான் இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். குழுத் தலைவராக வந்திருந்த மூத்தவர் யோசித்துவிட்டுத் தன் மேல்வரிசையை விரலால் தட்டிக் காட்டினார்.

"எனக்கே இது கட்டின பல்லுதான். ஒரு குறையும் இல்ல. மேல்வரிசைய எடுத்துருங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று எனக்குப் பிறகு ஒருநாளும் தோன்றவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றியது. "சார், கெட்டுப்போன ரெண்டும் கீழ்வரிசையில இருக்கு" என்றேன்.

எல்லாரும் அச்சைப் பார்த்தார்கள். பிறகு எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடிவிட்டிருந்தார்.

"தீர்மானம் எழுதியாச்சு ஹலோய்" என்றார் சௌத்ரி. "கீழ்வரிசை இப்ப காக்கப்பட வேண்டிய பகுதி. அதுல கை வச்சா விதிமீறல்."

அன்று மாலையே டாக்டர் மேதி, கீழே இரண்டு பல்லை மட்டும் எடுங்கள் என்று மறுபடி எழுதினார். குழுவின் அடுத்த கூட்டம் ஏப்ரலில் என்று பதில் வந்தது. உபெனையும் பினிதாவையும் உட்காரவைத்து, இருப்பதை இருப்பதுபோலச் சொன்னார் அவர். "ஏப்ரல் வரைக்கும் கட்டி காத்திருக்காது. இவங்க சொல்றதுக்கு ஒத்துக்கிட்டா இந்த மாசமே ஆரம்பிக்கலாம். அந்த ரெண்டு பல்லு பின்னாடி தொந்தரவு குடுக்கும். ஆனா பின்னாடின்னு ஒண்ணு இருக்கணும்ல."

உபென் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் 'நோயாளியின் விருப்பப்படி' என்று இருந்தது.

பதினான்கு நல்ல பற்களை இரண்டு அமர்வில் எடுத்தார்கள். வேர்கள் அத்தனை உறுதியாக இருந்ததால் ஓர் உதவியாளர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பற்கள் பாட்டிலுக்குப் போயின. நான் செய்து வைத்திருந்த மேல்வரிசை உறையைப் பர்மன் விதிப்படி வழங்கினார். அந்த உறை இப்போது பொருந்தக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது அலமாரியில் மூடி போட்டு இருந்தது. கீழ்வரிசை உறை கேட்டார் பினிதா. 'ஒருவருக்கு ஓர் உறை' என்றார் பர்மன்.

அன்று வேலை முடிந்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். கீழ்வரிசை அச்சு என் மேசையில் இருந்தது. பத்தே நிமிட வேலை. எட்டு வருஷத்தில் பல்லோடு இருக்கிற ஒரு வாய்க்கு நான் செய்த முதல் உறை அது. பினிதாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்துக் கையில் கொடுத்தேன். களிம்புக்கு டாக்டர் மேதி எழுதிக் கொடுத்திருந்தார், வெளிக் கடையில் கிடைத்தது.

"தினமும் பத்து நிமிஷம் அக்கா. அப்புறம் துப்பிரணும். அரை மணி நேரத்துக்குத் தண்ணிகூடக் குடுக்காதீங்க."

"இத ஏன் ரோட்டுல வச்சுக் குடுக்குறீங்க தம்பி?"

"உள்ள விதி இல்ல" என்றேன்.

முப்பத்து மூன்று நாளும் அவர்கள் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் உபெனின் வாய் முழுக்கப் புண்ணாகிவிட்டது. எச்சில் நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரியும்போது காகிதம் கிழிவதுபோலச் சத்தம் வந்தது. பினிதா ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்திருப்பார்; அதில் உப்பும் சமையல் சோடாவும் கரைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்க வைப்பார். வாசலில், பஸ்ஸில், வரிசையில், எங்கே இருந்தாலும் நேரம் வந்தால் பாட்டில் வெளியே வரும். உபென் மாட்டேன் என்று தலையாட்டினால், "பயணிங்ககிட்ட அதட்டுவீங்கல்ல, இப்ப நான் அதட்டுறேன். கொப்பளிங்க" என்பார். புளி போட்ட மீன்குழம்பை வீட்டில் நிறுத்தினார். சர்க்கரை போட்ட தேநீரை நிறுத்தினார். குழந்தைப் பிரஷ்ஷால் தானே துலக்கிவிட்டார். நான் கொடுத்த உறையை ஒரு நாள்கூட விடவில்லை. வீட்டில் துலக்க அந்த ஐந்தடி பிரஷ் கிடைக்குமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

கட்டி கரைந்தது. மார்ச் மாதம் எடுத்த படத்தில் அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது. டாக்டர் மேதி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதத்தில் பல் காப்பு இருவாரம் கொண்டாடினோம். சுகாதாரத்துறையில் இருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. முந்தின வருஷம் வந்தவர் நல்ல பல் உள்ள ஒருவரையாவது காட்டுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். பதிவேட்டைப் புரட்டியதில் பல்லோடு இருக்கிறவர் ஒரே ஒருவர்தான் கிடைத்தார். 'ஒத்துழையாத நோயாளி' முத்திரையின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'முன்மாதிரி நோயாளி' என்று எழுதினார் பர்மன்.

உபெனுக்குப் புது கமோசாத் துண்டை மரியாதையாகப் போர்த்தி மேடையில் உட்காரவைத்தார்கள். அவர் இளைத்திருந்தார். இடக்கன்னம் லேசாக வீங்கியிருந்தது. கமோசாவின் சிவப்புக் கரையால் வாயை மூடிக்கொண்டே இருந்தார்.

சௌத்ரி பேசினார். "இவர நாங்க கண்டெடுத்தப்ப இவருக்குப் பல்லப் பத்தி ஒண்ணும் தெரியாது. கீழ்வரிசையக் காப்பாத்தியே தீரணும்னு எங்க குழு ரெண்டு தடவ கூடி முடிவெடுத்துச்சு. அந்த முடிவுல இருந்து நாங்க ஒரு அங்குலம் நகரல. எத்தனையோ பேரு எழுதினாங்க, கத்தினாங்க. நாங்க நகரல."

அதிகாரிக்கு ஒரு டார்ச்சைக் கொடுத்தார்கள். உபென் கமோசாவை விலக்கி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாயைத் திறந்தார். அதிகாரி குனிந்து சத்தமாக எண்ணினார். பதினைந்து வந்ததும் கூட்டம் கை தட்டியது. அவர் மட்டும் டார்ச்சை அணைக்காமல் முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பின்னாடி இடப்பக்கம் ரெண்டு கறுப்பாத் தெரியுதே?"

"அது நிழல் சார்" என்றார் சௌத்ரி.

"ஒரு மாதிரி வாடை வேற..."

"களிம்பு வாடை சார்."

நான்காவது கேடயம் அன்று வந்தது. விழா முடிந்து உபெனைப் பின்வாசல் வழியாக நான்தான் கூட்டிப்போனேன். அவர் பேசுவது இப்போது பினிதாவுக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும். எனக்குப் புரிந்த மட்டும் அவர் கேட்டது: "தம்பி, நிழலுக்கு வலிக்குமா?"

வலி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கெட்ட பல் இரண்டும் உள்ளே சீழ் கட்டின. பிடுங்கக் கேட்டு எங்களிடம் வந்தார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாது, ஆகவே பிடுங்க முடியாது என்றார் சௌத்ரி. அந்த ஓர் இடத்தில் அவர் சொன்னது மருத்துவப்படி உண்மை. மழைக்காலம் முழுக்க மாத்திரையில் ஓடியது. அக்டோபரில் ஈறு விலகி உள்ளே எலும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. டாக்டர் மேதி எங்கெங்கோ பேசித் திப்ருகரில் ஓர் அறுவை மருத்துவரிடம் ஏற்பாடு செய்தார். தாடையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காலெலும்பிலிருந்து வெட்டி வைப்பதாகத் திட்டம். திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும். அதற்குப் பழைய கோப்பின் நகல் தேவை. அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை இருவரும் எங்களிடம் வந்தார்கள்.

பர்மன் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். சௌத்ரி யாரோ விருந்தாளிக்குக் கேடயங்களைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். உபென் நாற்காலியில் உட்கார்ந்து பினிதா கொடுத்த தண்ணீரைக் கொப்பளித்தார். கொப்பளித்தவர் சட்டென்று நின்று, விரலை உள்ளே விட்டு எதையோ எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. பழுப்பாக, ஓரம் கூராக இருந்தது. ரத்தம்கூட இல்லை.

சௌத்ரி அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது. கணக்கில் ஒரு பல் வந்துவிட்டதோ என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு முகம் தெளிந்தது.

"இது பல்லு இல்ல, எலும்பு" என்றார். "நம்ம பிரிவு இல்ல."

இடுக்கியைக் குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோனார். பினிதா எழுந்து குறுக்கே கையை நீட்டினார்.

"அதக் குடுங்க."

"இத வச்சு என்னம்மா பண்ணப்போறீங்க? செத்த எலும்பு இது."

"தெரியும். எரிக்கணும்."

"என்னது?"

"அவருல செத்துப்போனது இது ஒண்ணுதான். உங்ககிட்ட குப்பைக்கு விட்டுட்டுப் போக முடியாது. எரிச்சிட்டு மிச்சத்தக் கூட்டிக்கிட்டு திப்ருகர் போறேன்."

சௌத்ரி இடுக்கியைத் திறந்தார். பினிதா தாம் போர்த்தியிருந்த சாதரின் முனையில் துண்டை வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார். உபென் எழுந்து நகலை வாங்கிக்கொண்டார். இருவரும் கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கு வழிவிட்டு நடைகூடத்தில் மெதுவாக நடந்தார்கள்.

பர்மன் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, சவ ஊர்வலம் தெருவில் போகும்போது கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்களே, அப்படி எழுந்து நின்றார். நானும் எழுந்தேன். எதற்கு நிற்கிறீர்கள் என்று சௌத்ரி கேட்டார். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை நின்றுகொண்டிருந்தோம்.